முப்பத்தெட்டு நாள் மூச்சு

— அப்புறம் இந்தக் குடை. ஒரு கம்பி வளைஞ்சிருக்கு, ஆனா விரியும். கண்ணாடிக்கூடு, டிபன் பாக்ஸ், ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி. உங்க அப்பா சாமான்னு இருந்தது இவ்வளவுதாம்மா. ஷெட்ல ஈரம்னு நான்தான் இங்க கொண்டாந்து வெச்சேன். இந்தச் சீட்டுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா பெட்டியைக் கட்டிக் கொடுத்துடறேன்.

— இருபத்திரண்டு வருஷத்துக்கு ஒரு அட்டைப்பெட்டி. அதுவும் பாதிதான் நிறைஞ்சிருக்கு.

— சார் எதையும் சேத்து வெக்கிற ஆளில்லம்மா.

— என்னை நீன்னே சொல்லுங்க மேடம். உங்க வயசுல பாதிதான் எனக்கு.

— அப்ப நீயும் அந்த மேடத்தை விடணும். இங்க பம்ப் ஓட்டறவர்லருந்து மேனேஜர் வரைக்கும் எல்லாருக்கும் நான் விதையம்மாதான்.

— விதையம்மாவா?

— இது விதை அறை. அந்த பாட்டில்ல எல்லாம் பச்சையாக் கொப்புளிச்சுக்கிட்டு இருக்கு பாரு, அதுதான் விதை. கண்ணுக்குத் தெரியாத பாசி, கோடிக்கணக்குல. இந்த பாட்டில்லருந்து பெரிய பாட்டிலுக்கு, அங்கேருந்து தொட்டிக்கு, தொட்டியிலருந்து வெளிய இருக்கிற குளத்துக்கு. இங்க ஒரு தூசி விழுந்தா அங்க நாப்பது குளமும் போச்சு. அதைக் காவல் காக்கிறதுதான் என் உத்தியோகம்.

— ஸ்கூல்ல அப்பா என்ன வேலை பாக்கறார்னு கேட்டாங்க. புகை பிடிக்கிற வேலைன்னு சொல்லிட்டேன். டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டு விசாரிச்சாங்க.

— சார் இதை எங்ககிட்டச் சொல்லவே இல்லையே. ஆனா நீ சொன்னதுல தப்பில்ல. அந்த மதிலுக்கு அந்தப் பக்கம் தெரியுது பாரு ஒரு உயரமான குழாய், அது சிமெண்ட் சூளை. அதுல வர்ற புகையை வானத்துக்கு விடாம இந்தப் பக்கம் இழுத்து, ஆற வெச்சு, கழுவி, குளத்துக்கு அடியில குமிழியா விடறோம். புகையில இருக்கிற கரியமில வாயுதான் பாசிக்குச் சாப்பாடு. வெயில்ல அதைத் தின்னு தின்னு கொழுக்கும். வழிச்சு எடுத்துக் காய வெச்சா பச்சை மாவு. கோழித் தீவனத்துக்குப் போகுது, மீன் பண்ணைக்குப் போகுது, சாயத்துக்குப் போகுது. நாங்க புகை பிடிக்கிறவங்கதான்.

— அந்த மாவை அப்பா வீட்டுக்கும் கொண்டு வருவார். சத்துன்னு சொல்லி என் பால்ல கலப்பார். மூணாவது படிக்கிறப்ப கிளாஸ் முழுக்க எனக்குப் பச்சைநாக்குன்னுதான் பேரு.

— எங்களுக்கும் பேரு வெக்கிறதுல குறைச்சல் இல்ல. சாருக்கு இங்க கொக்கு. குளத்து விளிம்புல ஒத்தைக் கால்ல நின்னுக்கிட்டு இன்னொரு பூட்ஸைக் கழட்டித் தண்ணியைக் கொட்டுவார், அந்த அழகுக்கு. சாருக்கும் தெரியும். கொக்கு வந்தாச்சு, எல்லாரும் வேலையைப் பாருங்கன்னு சொல்லிக்கிட்டேதான் கேட்டுக்குள்ள நுழைவார்.

— வீட்டுக்கு வந்தா அந்தக் கொக்கு வாயே திறக்காது. ரெண்டு வாரத்துக்கு ஒருதடவை, ஒன்பது மணி நேரம் பஸ்ல உட்கார்ந்து வரும். சனிக்கிழமை முழுக்கத் தூங்கும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிடும்.

— அம்மாவுக்கு அங்க தபால் ஆபீஸ்ல வேலை, அதனாலதான் குடும்பத்தை இங்க கொண்டு வர முடியலன்னு சார் சொல்வார்.

— அம்மா மூணுதடவை மாத்தலுக்கு எழுதிப் போடறேன்னு சொன்னாங்க. அப்பாதான் வேண்டாம்னார். அது போகட்டும். இந்த நோட்டெல்லாம் என்ன?

— தினக்குறிப்பு. வீட்டு விஷயம் ஒண்ணும் இருக்காதும்மா, வெறும் நம்பர்தான். எந்தக் குளம் எவ்வளவு பச்சை, எத்தனை கிலோ வழிச்சோம், இந்த மாதிரி. ஆபீஸ்ல எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டாங்க. வேணும்னா எடுத்துட்டுப் போ.

— அட்டையில வரிசையா நம்பர் போட்டிருக்கார். ஆறு, ஏழு, எட்டு, பத்து. ஒன்பதைக் காணோமே.

— இருக்கும் எங்கயாவது. போன மழைக்கு ஷெட்டு ஒழுகிச்சு, அதுல நனைஞ்சு போயிருக்கும். ஒரு நிமிஷம் இரு, மணி பதினொண்ணு ஆயிடுச்சு, நான் மீட்டர் பாக்கணும். இது தண்ணியோட புளிப்பை அளக்கிற மீட்டர். வாயு கரைஞ்சா தண்ணி கொஞ்சம் புளிக்கும். பாசி அதைத் தின்னுடுச்சுன்னா புளிப்புப் போயி நம்பர் ஏறும். ஏழரைன்னா வயிறு நிறைஞ்சிருக்குன்னு அர்த்தம். ஒன்பதைத் தாண்டினா பசி.

— நான் கோர்ட்ல சுருக்கெழுத்து எழுதறவ. உங்களுக்குத் தெரியுமா?

— சார் சொல்லியிருக்கார். விரல் பறக்கும்னு பெருமையா சொல்வார்.

— ஆறு வருஷமா தினம் காலையிலருந்து சாயங்காலம் வரைக்கும் சாட்சி சொல்றவங்களைக் கேட்டு எழுதறேன். யாராவது பொய் சொல்லப் போறாங்கன்னா அதுக்கு முன்னாடி சம்பந்தமில்லாத ஒரு விஷயத்தை ரொம்ப விவரமா விளக்குவாங்க. நீங்க இப்ப மீட்டரை விளக்கின மாதிரி.

— நான் என்னம்மா பொய் சொல்லப் போறேன்?

— ஒன்பதாவது நோட்டு உங்ககிட்டதானே இருக்கு?

— கீழ் டிராயர்ல இருக்கு. நீயே எடுத்துக்கோ.

— எந்த வருஷத்து நோட்டு இது?

— உனக்கு ஒன்பது வயசு அப்ப.

— எனக்கு என்ன வயசுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

— படிச்சுப் பாரும்மா. வாய்விட்டே படி.

— "பதினொன்றாம் நாள். காலை ஆறு மணி. மீட்டர் ஒன்பது புள்ளி மூன்று. ஊதியவர்: நான். ஆறரை மணி. எட்டு புள்ளி ஒன்று. ஊதியவர்: விதை. ஏழு மணி. எட்டு புள்ளி நான்கு. ஊதியவர்: நான்." பக்கம் பக்கமா இதேதான் இருக்கு. ரெண்டு கையெழுத்து மாறி மாறி வருது. ஊதினதுன்னா என்ன ஊதினது?

— மூச்சு.

— புரியல.

— அந்த வருஷம் சூளைக்குள்ள செங்கல் உதிர்ந்துடுச்சு. உள்ள இருக்கிற பூச்சு மொத்தமும் எடுத்துப் புதுசா கட்டணும், ஒரு மாசத்துக்கு மேல ஆகும்னு சொல்லிட்டாங்க. சூளை நின்னா புகை இல்ல, புகை இல்லன்னா பாசிக்குச் சோறு இல்ல. அப்ப இங்க நாலே நாலு குளம்தான். ஒரே வாரத்துல நாலும் மஞ்சளாயிடுச்சு. இளைச்ச பாசியைத் தின்ன ஒரு பூச்சி வரும், அதுவும் வந்து மேய்ஞ்சுடுச்சு. சரி, விதை இருந்தா திரும்ப வளத்துக்கலாம்னு பாத்தா, குளிர்பெட்டியில இருந்த விதைக்குழாய் எல்லாத்துலயும் பூஞ்சை. சுத்தமா மிஞ்சினது ஒரே ஒரு அஞ்சு லிட்டர் பாட்டில்.

— கடையில சிலிண்டர் வாங்க முடியாதா?

— இந்த ஊருக்கே சிலிண்டர் வாயு எங்க சூளைப் புகையிலருந்துதான் எடுக்கறாங்க. சூளை நின்னதும் அவங்களும் கையை விரிச்சுட்டாங்க. சோடாக்கடைக்காரர் ஒருத்தர் பாவம் பாத்து மிச்சமிருந்த ஒரு சிலிண்டரைக் கொடுத்தார். அது நாலு நாளைக்கு வந்தது. தலைமை ஆபீஸ்ல கேட்டதுக்கு, இருக்கிறதைக் கொட்டிடுங்க, வெளியிலருந்து வேற ஜாதி விதை வாங்கிக்கலாம்னு சொல்லிட்டாங்க. சாருக்கு முகமே செத்துப்போச்சு. அந்த ஜாதியை சார் கண்டுபிடிச்சது எங்க தெரியுமா? சூளையோட வெந்நீர் ஓடற சாக்கடைச் சுவர்ல. அவ்வளவு சூட்டுலயும் புகையிலயும் தானா வளர்ந்து நின்னிருக்கு. அதைச் சுரண்டி எடுத்து, பிரிச்சு, பழக்கி, இந்த நிலைமைக்குக் கொண்டு வர நாலு வருஷம் ஆச்சு. கொட்டுன்னா எப்படிக் கொட்டுவார்?

— அதனால ஊதினார்.

— சிலிண்டர் தீர்ந்த மறுநாள் காலையில, அதுதான் நோட்டுல முதல் நாள், நான் வந்து பாக்கறேன், சார் இந்த ஸ்டூல்ல உட்கார்ந்து ரப்பர்க் குழாயை வாயில வெச்சு ஊதிக்கிட்டு இருக்கார். நடுவுல பஞ்சு வடிகட்டி. நான் பயந்துட்டேன். என்ன சார் இதுன்னு கேட்டேன். நாம விடற மூச்சுலயும் அதே வாயுதானே இருக்கு, குளத்துக்குப் பத்தாது, ஒரு பாட்டிலுக்குப் பத்தும்னார். பத்து நிமிஷம் ஊதினதும் மீட்டர் ஒன்பதிலருந்து எட்டுக்கு இறங்கிச்சு. ஆனா அரை மணியில மறுபடியும் ஏறிடும். மறுபடியும் ஊதணும். மதியத்துக்குள்ள தலை சுத்தி சுவர்ல சாஞ்சுட்டார். நான் குழாயை ஸ்பிரிட் போட்டுத் துடைச்சேன். நான் ஊதினேன்.

— மத்தவங்க எல்லாம்?

— மத்தவங்களைச் சூளை வேலைக்கு இழுத்துக்கிட்டாங்க. இருந்தது நாங்க ரெண்டு பேர்தான். பொழுது விடிஞ்சதும் ஆரம்பிப்போம், வெயில் போனதும் நிறுத்திடுவோம். வெளிச்சம் இருக்கிற வரைக்கும்தான் அதுக்குப் பசி. அரை மணிக்கு சார், அடுத்த அரை மணிக்கு நான். ஊதறவங்க பேச முடியாது. ஊதாதவங்க பேசலாம். அதனால ஒருத்தர் பேசுவோம், இன்னொருத்தர் கேட்போம், அப்புறம் மாத்திக்குவோம். அந்த மாதிரி என்னை யாரும் கேட்டதில்லம்மா. குறுக்க பேச முடியாதே, பாவம், வாயில குழாய். எங்க அப்பா குடியைப் பத்தி, அண்ணி பேசற பேச்சைப் பத்தி, எல்லாத்தையும் சொல்லிட்டேன். விதையம்மாங்கிற பேர் கூட அப்ப வந்ததுதான். நோட்டுல என் பேரை முழுசா எழுத நேரமில்லாம விதைன்னு எழுதினார். அதுவே நின்னுடுச்சு.

— அப்பா என்ன பேசினார்?

— உன்னைப் பத்தி. நீ எப்பப் பாத்தாலும் கட்டிலுக்கு அடியில உட்கார்ந்துதான் படிப்பியாமே. உங்க அம்மா தபால் ஆபீஸ் வேலைக்குப் பரீட்சை எழுதினப்ப சார்தான் தொட்டிலை ஆட்டினாராம். இதெல்லாம் சொல்லியிருக்கார். வீட்டுல பேச மாட்டார்னு நீ சொன்னது எனக்கு ஆச்சரியமா இருக்கு.

— எங்க வீட்டுல ஒரு வழக்கம் உண்டு. யாருக்காவது ஒரு வேலை செய்யப் பிடிக்கலன்னா "சூளை நின்னுடுச்சு"ன்னு சொல்வோம். பாத்திரம் தேய்க்கச் சொன்னா சூளை நின்னுடுச்சு. கடைக்குப் போகச் சொன்னா சூளை நின்னுடுச்சு. சிரிச்சுக்கிட்டேதான் சொல்வோம், அப்பாவுக்கு முன்னாடியே சொல்வோம். எதனாலன்னு உங்களுக்குத் தெரியும்னு நினைக்கிறேன்.

— நீ சைக்கிள்லருந்து விழுந்து கையை ஒடிச்சுக்கிட்டது அப்பதான்.

— முழங்கைக்கு மேல ரெண்டு இடத்துல. ஆபரேஷன் பண்ணணும்னு சொல்லிட்டாங்க. அம்மா தனியா நின்னாங்க. அப்பா வருவார் வருவார்னு வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன். மயக்க மருந்து கொடுக்க வந்தவர்கிட்ட கூட, அஞ்சு நிமிஷம் இருங்க, எங்க அப்பா வந்துடுவார்னு சொன்னேன். அவர் வந்தது அதுக்கப்புறம் பதினஞ்சு நாள் கழிச்சு. சூளை நின்னுடுச்சும்மா, அதான் வர முடியலன்னார். அதுக்கு மேல ஒரு வார்த்தை இல்ல. அது எந்த நாள்னு இந்த நோட்டுல இருக்குமா?

— இருபத்து மூணாம் நாள். பக்கத்துல ஒரு மடிப்பு இருக்கும் பாரு.

— "மதியம் இரண்டு மணி. எட்டு புள்ளி ஆறு. ஊதியவர்: விதை. நான் ஊருக்குப் புறப்படுகிறேன்." புறப்பட்டாரா? அப்பா புறப்பட்டாரா?

— அடுத்த வரியையும் படி.

— இரண்டரை, விதை. மூணு, விதை. மூணரை, விதை. "நான்கு மணி. திரும்பிவிட்டேன். எட்டு புள்ளி இரண்டு. ஊதியவர்: நான்." இவ்வளவுதானா? எதுக்குத் திரும்பினார்?

— போனை எடுத்ததே நான்தாம்மா. ஆபீஸ்ல ஆளில்ல, மணி அடிச்சுக்கிட்டே இருந்தது, ஓடிப்போய் எடுத்தேன். உங்க அம்மா. குழந்தைக்குக் கை ஒடிஞ்சுடுச்சு, ஆபரேஷனாம், அவரை வரச் சொல்லுங்கன்னாங்க. குரல் உடையவே இல்ல, அப்படித் தெளிவாச் சொன்னாங்க. எனக்குத்தான் அழுகை வந்துடுச்சு. இப்பவே அனுப்பி வெக்கறேங்கன்னு சொன்னேன். சாரோட பையில நான்தான் சட்டையை மடிச்சு வெச்சேன். கேட்டு வரைக்கும் கூடவே போயி, நீங்க திரும்பி வர்ற வரைக்கும் நான் ஒருத்தியே ஊதிக்கறேன், பாட்டிலைப் பத்தி நினைக்காதீங்கன்னு சொல்லித்தான் அனுப்பினேன். இதெல்லாம் சத்தியம்.

— நம்பறேன். அப்புறம்?

— ரெண்டு மணி நேரம் கழிச்சு வந்து நின்னார். சட்டையெல்லாம் வேர்வை. பஸ் போயிடுச்சுன்னார். ஸ்டூல்ல உட்கார்ந்தார். என் கையிலருந்து குழாயை வாங்கி ஊத ஆரம்பிச்சுட்டார்.

— இப்பதான் முதல் தடவையா சார்ங்கிற வார்த்தையே இல்லாம அவரைப் பத்திப் பேசறீங்க.

— அப்படியா? கவனிக்கல.

— சொல்லுங்க. பஸ் நிஜமாவே போயிடுச்சா?

— போயிருக்கலாம். ஆனா அஞ்சு மணிக்கு இன்னொண்ணு இருந்தது. ராத்திரி வண்டி, விடியறதுக்குள்ள உங்க ஊருக்குப் போயிடும். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இதோ இந்தக் கடிகாரம்தான் அப்பவும். நாலே கால் ஆச்சு, நாலரை ஆச்சு. இப்பக் கிளம்பினாலும் பிடிச்சுடலாம்னு என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவர் ஊதிக்கிட்டு இருந்தார், அதனால அவரால பேச முடியாது. பேச வேண்டியது என் முறை. நான் பேசல. அஞ்சு மணி ஆச்சு. அஞ்சே கால் ஆச்சு. ஒரு குழந்தை அங்க கையை ஒடிச்சுக்கிட்டு வாசலைப் பாத்துக்கிட்டு இருக்குன்னு தெரியும். அப்படி இருந்தும் எனக்குச் சந்தோஷமா இருந்தது. திரும்பி வந்துட்டாரேன்னு இருந்தது. என் வாழ்க்கையிலயே அவ்வளவு சந்தோஷமா நான் இருந்தது அந்த ஒரு சாயங்காலம்தான். அது உன் வலிக்கு மேல உட்கார்ந்து பட்ட சந்தோஷம். பதினெட்டு வருஷமா அதை யார்கிட்டயும் சொன்னதில்ல. உன்கிட்டதான் சொல்லணும்னு இருந்திருக்கு.

— உங்களுக்கும் அப்பாவுக்கும் நடுவுல...

— கை பட்டதில்லம்மா. கேக்க வேண்டிய கேள்விதான், கேட்டதுல தப்பில்ல. ஒரு குழாய், அவ்வளவுதான். அதையும் ஒவ்வொரு தடவையும் ஸ்பிரிட்ல துடைச்சோம்.

— அதுக்கப்புறம்?

— முப்பத்தெட்டாம் நாள் சூளையைப் பத்த வெச்சாங்க. புகை வந்தது. குழாயை மாட்டினோம், பாட்டில் கொப்புளிச்சுது. சூளையிலருந்து ஆளுங்க எல்லாம் வந்து கைதட்டினாங்க. அன்னிக்கே அவர் உங்களைப் பாக்கக் கிளம்பினார். ஒரு வாரம் கழிச்சுத் திரும்பி வந்தார். வந்ததுலருந்து இந்த ரூமுக்குள்ள உட்காரல. பதினெட்டு வருஷம். மேஜையைக் குளத்துக்கரை ஷெட்டுக்கு மாத்திக்கிட்டார். மீட்டர் எவ்வளவுன்னு தெரியணும்னா அந்தக் கண்ணாடி ஜன்னலுக்கு வெளிய வந்து நிப்பார். நான் உள்ளேருந்து விரல்ல காட்டுவேன். ஏழு விரல் நீட்டி எட்டாவதைப் பாதி மடக்கினா ஏழரை. தலையை ஆட்டிட்டுப் போயிடுவார். காலையில எட்டு மணிக்கு ஒருதடவை, மதியம் ரெண்டு மணிக்கு ஒருதடவை. ஆபீஸ்ல கம்ப்யூட்டர் வந்துடுச்சு, நம்பர் அங்கேயே தெரியும். அதுக்கப்புறமும் வந்து நின்னார்.

— நீங்க ஒருதடவை கூட அவர்கிட்டக் கேட்டதில்லையா? பஸ்ஸைப் பத்தி?

— கேட்டா அவர் பதில் சொல்லணுமே. சொல்லிட்டார்னா அப்புறம் நாங்க ரெண்டு பேரும் இங்க வேலை பாக்க முடியுமா? ஒருத்தர் போக வேண்டியிருக்கும். விரலாவது மிஞ்சட்டும்னு விட்டுட்டேன். பாசிக்காகத்தான் திரும்பி வந்தார்னு நானே எனக்குச் சொல்லிக்குவேன். சில நாள் நம்புவேன்.

— கல்யாணம் பண்ணிக்கலையா நீங்க?

— நாலஞ்சு இடம் வந்தது. அண்ணி ரொம்ப முயற்சி பண்ணாங்க, வீட்டை விட்டு அனுப்பணுமே. நான்தான், விதையை யாருகிட்ட விட்டுட்டுப் போறதுன்னு சொல்லிச் சொல்லித் தட்டிக் கழிச்சேன். இன்னும் அண்ணன் வீட்டு மாடியிலதான் இருக்கேன்.

— அப்பா போனது உங்களுக்கு யார் சொன்னாங்க?

— அந்த வெள்ளிக்கிழமை மதியம் கண்ணாடிக்கு வெளிய நின்னார். நான் ஏழரைன்னு காட்டினேன். அவர் ரெண்டு விரலைக் காட்டினார். ரெண்டு நாள்ல வந்துடுவேன்னு. அப்படிக் காட்டறது வழக்கமே இல்ல, அன்னிக்கு என்னமோ காட்டினார். திங்கக்கிழமை எட்டு மணிக்கு நான் விரலைத் தயாரா வெச்சுக்கிட்டு நிக்கறேன், பம்ப் ஓட்டறவர் வந்து கதவைத் தட்டி, கொக்கு சார் நேத்து வீட்டுலயே மாரடைப்புல போயிட்டாராம்னார். எல்லாரும் வேன்ல கிளம்பினாங்க. வர்றீங்களா விதையம்மான்னு கேட்டாங்க. யாராவது ஒருத்தர் பாட்டிலைப் பாத்துக்க வேண்டாமான்னு சொல்லிட்டேன்.

— வந்திருக்கலாமே.

— வந்து? நான் யாருன்னு சொல்லிக்கிட்டு வந்து உங்க வீட்டுல நிப்பேன்? கூட வேலை பாத்தவன்னா ஓரமா நின்னு ஒரு மாலையைப் போட்டுட்டு வந்துடணும். அந்த அளவோட நிறுத்திக்க என்னால முடியாது. கத்திடுவேன்னு பயமா இருந்தது. இங்கயே இருந்தேன். அன்னிக்கு எட்டு மணிக்கும் ரெண்டு மணிக்கும் மீட்டர் பாத்தேன், நோட்டுல எழுதினேன். மறுநாள் எல்லாரும் வந்தாங்க. கூட்டம் நிறைய, சாவு கௌரவமா நடந்ததுன்னு சொன்னாங்க. கேட்டுக்கிட்டேன்.

— அழுதீங்களா?

— எங்க அழறது? மாடியில அழுதா அண்ணி எதுக்குன்னு கேப்பாங்க. இங்க அழுதா பம்ப் ஓட்டறவர் கேப்பார். ரெண்டு மாசம் ஆச்சு, இன்னும் அதுக்கு ஒரு இடம் கிடைக்கல. சரி, போதும். நீ வந்த வேலையை நான் கெடுத்துட்டேன். திட்டணும்னா திட்டிட்டுப் போ, எனக்கு அது நியாயமாத்தான் இருக்கும். ஒன்பதாவது நோட்டையும் எடுத்துக்கோ. எனக்கு அது மனப்பாடம். கையெழுத்து மட்டும் போடு, பெட்டியைக் கட்டிடறேன், உன் பஸ்ஸுக்கு நேரமாகுது.

— சாமானைக் கூரியர்ல போட்டிருந்தா வந்திருக்குமே. அதுக்காக ஒன்பது மணி நேரம் பஸ்ல உட்கார்ந்து வருவேனா?

— பின்ன எதுக்கும்மா வந்தே?

— அம்மா அனுப்பினாங்க. நான் போக மாட்டேன்னு ரெண்டு நாள் பிடிவாதம் பிடிச்சேன். கடைசியில, போறேன், ஆனா அங்க யாரு என்னன்னு பாத்துட்டு எனக்குச் சரின்னு பட்டாத்தான் நீ சொன்னதைச் சொல்வேன், இல்லன்னா பெட்டியை வாங்கிக்கிட்டுத் திரும்பிடுவேன்னு சொல்லிட்டுத்தான் கிளம்பினேன்.

— உங்க அம்மாவுக்கு... என்ன தெரியும்?

— அப்பா இங்க இருக்கிற எல்லாரைப் பத்தியும் ஒரு வார்த்தையாவது சொல்லியிருக்கார். பம்ப் ஓட்டறவர் பல்லு, டிரைவரோட ரெண்டாவது கல்யாணம், வாட்ச்மேன் வளர்க்கிற பூனை. விதை அறையில யாருன்னு மட்டும் சொன்னதே இல்லையாம். அம்மா ஒரே ஒருதடவை கேட்டிருக்காங்க. ஆள் இருக்குன்னு சொல்லிட்டுப் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரா விரிச்சுக்கிட்டாராம். அம்மாவுக்கு அது போதுமா இருந்திருக்கு.

— என் மேல கோபம் இருக்கணுமே அவங்களுக்கு.

— இருந்ததாம், பல வருஷம். ஆனா அன்னிக்குப் போன்ல, இப்பவே அனுப்பி வெக்கறேங்கன்னு அழுதுக்கிட்டே சொன்ன குரலை அவங்க மறக்கல. அனுப்பினவ அவ, வராதது உங்க அப்பான்னு சொல்வாங்க.

— அஞ்சு மணி பஸ்ஸைப் பத்தி அவங்களுக்குத் தெரியாதும்மா. அதையும் சொல்லிடு.

— சொல்றேன். அதுக்கு முன்னாடி அவங்க சொன்னதை நான் சொல்லிடறேன். போன வாரம் அப்பா அலமாரியை ஒழிச்சுக்கிட்டு இருந்தாங்க. சட்டுன்னு தரையில உட்கார்ந்துட்டாங்க. எனக்கு வீடு கொள்ளாம ஆள் வந்து, கட்டிக்கிட்டு அழுதுட்டுப் போனாங்கடி, அங்க ஒருத்தியை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டாங்க, நீ நேர்ல போய் அவகிட்ட துக்கம் விசாரிச்சுட்டு வான்னு சொன்னாங்க.